உதிர்வதற்கு முன்

இலை உதிர்வதை இழப்பென்று கருதுவது உலக வழக்கம். மரத்தின் கணக்கோ வேறு. பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும், மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, தழைச்சத்தில் பெரும்பங்கைக் கிளைக்கும் வேருக்கும் மீட்டுக்கொள்கிறது. அடுத்த வேனிலில் தோன்றும் தளிருக்கு அதுவே சேமிப்பு. பச்சை விலகியதும், கோடை முழுவதும் அதனடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்பு அவ்வாறு மறைந்திருந்த நிறமன்று. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு, உதிர்வதற்குச் சிறிது காலத்திற்கு முன்பு புதிதாக உண்டாக்கப்படுவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்தால், அச்சிவப்பு மிகுந்து ஒளிரும்.

அமெரிக்காவின் வடகிழக்கே உள்ள வெர்மாண்ட் மாநிலம் இக்காட்சிக்குப் பெயர் பெற்றது. அங்கே பசுமலைத் தொடரை ஒட்டி 100ஆம் எண் சாலை 200 மைலுக்கு மேல் தெற்கு வடக்காகச் செல்கிறது. செப்டம்பர் இறுதியில் வடக்கிலும் மலை உயரங்களிலும் தோன்றும் நிறமாற்றம், அக்டோபரில் மெல்லத் தெற்கு நோக்கியும் பள்ளத்தாக்கு நோக்கியும் இறங்கி வரும். சாலையோர விளம்பரப் பலகைகளை இம்மாநிலம் 1968ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றித் தடுத்துவிட்டது. ஆகவே, மேப்பிள் மரங்களுக்கும் காண்போர் கண்ணுக்கும் இடையே அவை குறுக்கிடுவதில்லை.

ஓர் அக்டோபர் மாதத்தில் அச்சாலை வழியே ஒரு தாயும் மகளும் காரில் சென்றனர். தாய்க்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. காரின் பின்னிருக்கையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதனுள் தாய் தைக்கத் தொடங்கி முடிக்காமல் விட்ட ‘குவில்ட்’ எனும் ஒட்டுத்துணிப் போர்வையின் மேற்பகுதி மடித்து வைக்கப்பட்டிருந்தது. நாற்பத்திரண்டு கட்டங்கள் வேண்டும், முப்பத்தாறு முடிந்திருந்தன. மூட்டுநோய் அவர் விரல்களை முடக்கிவிட, ஊசி பிடிக்க முடியாமற் போயிற்று. எஞ்சிய ஆறு கட்டங்களுக்குச் சிறுபூ அச்சிட்ட ஒரு பழுப்புத் துணி தேவைப்பட்டது. அதைத் தேடியே இருவரும் வழியிலிருந்த குவில்ட் துணிக்கடைகள் ஒவ்வொன்றிலும் இறங்கினர்.

குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே அவற்றைப் பிணைக்கிறது. பழைய போர்வைகள் பலவற்றில் தைத்தவர் பெயர் இல்லை. அக்கைவண்ணத்தின் அருமையை அருங்காட்சியகங்கள் காலந்தாழ்ந்தே உணர்ந்தன. வெர்மாண்டில் எலெக்ட்ரா வெப் என்னும் பெண்மணி 1947இல் நிறுவிய ஷெல்பர்ன் அருங்காட்சியகம் அவற்றைப் போற்றிச் சேர்த்து வைத்துள்ளது. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1971இல் அவற்றை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது.

இக்கலையின் வரலாற்றில் ஹாரியட் பவர்ஸ் என்பவரின் கதை நினைக்கத் தக்கது. அவர் 1837இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண். விடுதலை பெற்றபின், விவிலியக் காட்சிகளைத் துணித்துண்டுகளால் அமைத்து ஒரு போர்வை தைத்தார். வறுமை நெருக்கவே, 1891இல் அதனை 5 டாலருக்கு விற்றார். விற்றபோது ஒவ்வொரு காட்சியின் பொருளையும் வாங்கியவருக்கு விளக்கிச் சொன்னார். அவரும் அதை எழுதி வைத்துக்கொண்டார். இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ள அப்போர்வையைப் பார்ப்போர் அதன் பொருளை அறிவது அவ்விளக்கத்தாலேயே. துணி விலைக்குப் போயிற்று. சொல் நிலைத்து நின்றது.

தாயும் மகளும் தேடிய பழுப்புத் துணி எங்கும் கிடைக்கவில்லை. நான்காவது கடையில், அவ்வச்சு இப்போது வருவதில்லை என்று கடைக்காரப் பெண் தெளிவாகக் கூறிவிட்டார். தாய் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, அடுக்கிலிருந்த கருஞ்சிவப்புத் துணியொன்றைச் சுட்டிக் காட்டினார்.

“அம்மா, இது பொருந்தாதே! பார்ப்பவர்களுக்கு வேறுபாடு தெரிந்துவிடுமே” என்றாள் மகள்.

“தெரியட்டும். முப்பத்தாறு நான் தைத்தவை. ஆறு நீ தைத்தவை.”

“எனக்குத் தைக்கத் தெரியாதே, அம்மா.”

“எனக்குத் தெரியும். விரல்தான் இல்லை.”

அன்றிரவு விடுதி அறையின் விளக்கடியில் பாடம் தொடங்கிற்று. விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளித் தைக்க வேண்டும். ஒரு நூலளவு பிசகினாலும், துண்டுகள் சேரச் சேரக் கட்டம் கோணிவிடும். தாய் சொன்னார், மகள் தைத்தாள். மும்முறை பிரித்தாள். நான்காம் முறை போட்ட தையலைத் தாய் தம் வளைந்த விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார்.

நூலைப் படித்து ஓரளவு அறியலாம். கைப்பழக்கமோ கையிலிருந்து கைக்கே செல்வது. கொடுப்பவர் இருக்கும்போதே பெறுபவர் கை நீட்ட வேண்டும். தான் மீட்க வேண்டியதை மரம் உறைபனி வருவதற்குள் மீட்டுக்கொள்கிறது. மனிதரே நாளை, நாளை என்று நாள்களைத் தள்ளுகின்றனர்.