குரலும் ஒழுங்கும்

தொடங்குவது எளிது, தொடர்வதே அரிது. சங்கம் அமைத்தோரும், ஏடு நடத்தினோரும், இரவு வகுப்புத் தொடங்கினோரும் காலந்தோறும் கண்டறிந்த உண்மை இது. ஆரவாரத்தோடு முதல் இதழ் வெளியிட்டு, இரண்டாம் இதழைக் காணாமலே மறைந்த ஏடுகள் உண்டு. அவற்றைத் தொடங்கியவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று எவரும் கூற இயலாது. ஆர்வம் இருந்தது; அந்த ஆர்வத்தைத் தாங்கி நிற்கும் ஒழுங்குதான் இல்லை. இன்று அதே நிலை புதியதொரு துறையிலும் காணப்படுகிறது. அதுவே வலையொலி.

வானொலியோடு வளர்ந்த தலைமுறைக்கு வலையொலியை விளக்குவது கடினமன்று. வானொலி நிலையம் ஒலிபரப்பும் நேரத்தில் நேயர் காத்திருந்து கேட்க வேண்டும். வலையொலியிலோ, பதிவு செய்த பேச்சு இணையத்தில் ஏற்றப்படுகிறது. நேயர் தமக்கு வாய்க்கும் நேரத்தில் கைப்பேசியில் கேட்டுக்கொள்கிறார். 'பாட்காஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல், 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தின் 'கார்டியன்' நாளேட்டில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் இடம்பெற்றது. மறு ஆண்டு ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் வலையொலிகளுக்கு இடமளித்தது. அதன்பின் இக்கலை உலகெங்கும் பரவியது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் ஒரு 'நிலையம்' தொடங்கிவிடலாம்.

அந்த எளிமையே இதன் இடர்ப்பாடும் ஆகும். வானொலி நிலையத்தில் கடிகாரம் உண்டு. நிகழ்ச்சிப் பட்டியல் உண்டு. தவறினால் விளக்கம் கேட்கும் மேலதிகாரி உண்டு. வலையொலி நடத்துவோருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அறிவிப்பாளரும் அவரே, ஒலிப்பதிவாளரும் அவரே, எழுத்தரும் ஏவலரும் அவரே. ஒரு வாரம் குரல் எழாவிடினும் ஏன் என்று கேட்பார் எவருமில்லை. மறு வாரமும் எழுவதில்லை. பிறகு, விடைபெறாமலே அந்தக் குரல் அடங்கிவிடுகிறது. இதனைக் குறிக்க ஆங்கிலத்தில் 'பாட்ஃபேட்' என்றொரு தனிச்சொல்லே வழங்குகிறது. ஒரு நோய்க்குப் பெயர் வைக்கும் அளவுக்கு நோயாளிகள் பெருகிவிட்டனர் என்பதே இதன் பொருள்.

தொடர்ச்சி என்பது யாது என்பதற்கு வலையொலி பிறக்கும் முன்பே வாழ்ந்து காட்டியவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான அலிஸ்டர் குக், பி.பி.சி. வானொலியில் 'அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம்' என்னும் வாராந்தர உரையை 1946ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொடங்கினார். 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில், தம் 95ஆம் வயதில், இறுதி உரையை வழங்கினார். இடைப்பட்ட ஏறத்தாழ 58 ஆண்டுகளில் அவர் வழங்கியவை 2,869 உரைகள். ஒரு வாரம் அரசியல். மறு வாரம் கோல்ஃப் விளையாட்டு. பிறிதொரு வாரம் மறைந்த நண்பரின் நினைவு. பொருள் மாறிக்கொண்டே இருந்தது. ஏறத்தாழக் கால் மணி நேரம், வாரம் ஒருமுறை, ஒரே மனிதரின் குரல் என்னும் வடிவம் மட்டும் மாறவில்லை. வடிவம் நிலைத்து நின்றமையால் பொருள் உரிமையோடு உலவ முடிந்தது.

குக்கின் பின்னால் பெரியதொரு நிறுவனம் நின்றது. தனியொருவரால் இஃது இயலுமா என்னும் வினா எழலாம். பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் அனுபவம் இதற்கு விடை தரும்.

நோய்த்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகள் தளர்ந்த 2022ஆம் ஆண்டில் அவர் ஒரு வலையொலி தொடங்கினார். தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்து, இன்று மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளில் முதுமையைக் கழிக்கும் பெரியோரின் நினைவுகளை, அவர்தம் குரலிலேயே பதிவு செய்து வழங்குவது நோக்கம். விடியற்காலைப் பிரட்டுக் களம், லயத்து வாழ்க்கை, தோட்டத்துத் திருவிழா, தீபாவளி இரவு மேடை நாடகம் என்று அவர்கள் சொல்லச் சொல்லக் கதைகள் பெருகின. முதல் மாதத்தில் மட்டும் எட்டுப் பதிவுகள் வெளிவந்தன. ஒன்று பன்னிரண்டு நிமிடம். மற்றொன்று ஒரு மணி நேரம். ஒன்று திங்கட்கிழமை இரவு. மற்றொன்று ஞாயிறு நண்பகல். பிறகு பள்ளி விளையாட்டுப் போட்டி வந்தது. தேர்வுத்தாள் திருத்தம் வந்தது. வீட்டில் ஒரு திருமணமும் வந்தது. மூன்று வாரம் இடைவெளி விழுந்தது. அது மூன்று மாதமாயிற்று. பெரியோரைக் காணச் செல்வதை மட்டும் அவர் விடவில்லை. பதிவுகள் சேர்ந்தன, வெளிவரவில்லை.

அவ்வாறு பதிவு செய்யப்பட்டவர்களுள் தொண்ணூறு வயதை எட்டிய மூதாட்டி ஒருவரும் இருந்தார். 1943ஆம் ஆண்டு, சயாம் மரண இரயில் பாதை வேலைக்குத் தோட்டத்திலிருந்து கொண்டு செல்லப்பட்ட தந்தையை, லாரியின் பின்னே ஓடிச் சென்று கடைசியாகப் பார்த்த சிறுமி அவர். 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதை விழுங்கிய தமிழர்களுள் அவர் தந்தையும் ஒருவர். அந்த நாளை அவர் இரண்டு மணி நேரப் பேச்சின் பிற்பகுதியில் முழுமையாகச் சொல்லியிருந்தார். ஆசிரியரைக் கோயிலில் காணும்போதெல்லாம், "என் பேச்சு எப்ப வரும் வாத்தியாரே?" என்று கேட்பார். "அடுத்த வாரம் பாட்டி" என்பதே மறுமொழி. மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே மறுமொழி. நான்காம் முறை கேட்க அவர் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் பாட்டியின் குரலை உறவினர்க்குக் கேட்பிக்க விரும்பி, பேரன் பதிவைக் கேட்டு வந்தார். ஆசிரியரின் கைப்பேசியிலும் இரண்டு பென்டிரைவ்களிலுமாக அறுபதுக்கும் மேற்பட்ட கோப்புகள் கிடந்தன. 'புதிய பதிவு 7', 'புதிய பதிவு 31' என்பனவே அவற்றின் பெயர்கள். மூன்று இரவுகள் தேடியபின் திருவிழாவைப் பற்றிய முற்பகுதி கிடைத்தது. தந்தையைப் பற்றிய பிற்பகுதி கிடைக்கவில்லை. கைப்பேசியில் இடம் போதாத ஏதோ ஒரு நாளில், இன்னதென்று அறியாமலே அஃது அழிக்கப்பட்டிருந்தது. அதனை மீண்டும் சொல்ல உலகில் வேறு எவருமில்லை.

அவ்வாசிரியருக்கு அன்பில் குறைவில்லை, உழைப்பிலும் குறைவில்லை. குறை இருந்தது அடுக்கி வைப்பதில்தான். திருக்குறளில் 'ஊக்கமுடைமை'யை அடுத்து 'மடியின்மை'யும், அதனை அடுத்து 'ஆள்வினையுடைமை'யும் அதிகாரங்களாக நிற்பது எண்ணத்தக்கது. ஊக்கம் ஒன்றே போதுமாயின், பின்னிரண்டுக்கும் தேவையே இராதன்றோ? வினையைச் செய்யும் முறைக்கென்று 'வினைசெயல்வகை' என்னும் தனி அதிகாரமும் அந்நூலில் உண்டு.

அதன்பின் ஒரு மாதம் அவர் எதனையும் வெளியிடவில்லை, ஒழுங்கு செய்தார். நாள் பாடத்திட்டம் இன்றி வகுப்பறைக்குள் நுழையாத ஓர் ஆசிரியர், அந்தப் பழக்கத்தை வலையொலிக்கும் கொண்டு வந்தார்.

முதலில் வாக்கைச் சுருக்கினார். வாரம் இருமுறை என்பது போய், இரு வாரங்களுக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலை, இருபது நிமிடம் என்றாயிற்று. பத்துப் பதிவுகள் ஒரு தொகுதி. தொகுதி முடிந்தால் பள்ளி விடுமுறையோடு ஓய்வு. மீண்டும் தொடங்கும் நாள் இறுதிப் பதிவிலேயே அறிவிக்கப்படும். அறிவித்து எடுக்கும் ஓய்வு நேயரின் நம்பிக்கையைக் குலைப்பதில்லை. அறிவிப்பில்லாத மௌனமே குலைக்கிறது.

அடுத்து, நான்கு பதிவுகள் முற்றிலும் ஆயத்தமாகும் வரை முதற்பதிவை வெளியிடவில்லை. குடும்பத்தில் அரிசி தீரும் நாளில் கடைக்கு ஓடுவதில்லை. தீரும் முன்பே வாங்கி வைப்பதே இல்லறம். காய்ச்சலும் தேர்வுத்தாளும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. கையிருப்பு உள்ளவரே அவற்றைத் தாங்குவர்.

வேலைகளையும் நாள்வாரியாகப் பிரித்தார். முதல் வாரச் சனிக்கிழமை பதிவு. ஞாயிறன்று முழுவதும் கேட்டு, எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்று குறித்தல். அடுத்த செவ்வாயன்று வெட்டித் தொகுத்தல். வியாழனன்று இணையத்தில் ஏற்றி, வெளியாகும் நேரத்தைக் குறித்து வைத்தல். ஒரே இரவில் எல்லாம் செய்த காலத்தில் ஏழு மணி நேரம் மலைபோல் நின்றது. பிரித்தபின் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்தை மிகவில்லை.

மூன்றாவதாக, ஒரு குறிப்பேடு. வரிசை எண், பேசியவர், ஊர், நாள், இசைவு பெற்றமை, கோப்பு இருக்குமிடம், வெளியான நாள் என ஏழு கட்டங்கள். பதிவு முடிந்து அவ்வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே ஒரு வரி எழுதப்படும். கோப்பின் பெயரும் 2023-07-15 என்று ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் தொடங்கும். அவ்வாறு எழுதினால் கணினி தானே அவற்றைக் கால முறைப்படி அடுக்கிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று படிகள்: ஒன்று கணினியில், ஒன்று தனி வட்டில், ஒன்று வீட்டுக்கு வெளியே, இணையச் சேமிப்பிலோ நண்பர் இல்லத்திலோ. 128 கிலோபிட் அளவில் சுருக்கிய ஒலி, நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் இடமே கொள்ளும். இருபது நிமிடப் பதிவு இருபது மெகாபைட்டுக்குள் அடங்கும். இத்துணைச் சிறிய இடத்திற்காக ஒரு மூதாட்டியின் குரலை அழிக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

பதிவு செய்யும் முறையிலும் ஒழுங்கு புகுந்தது. மின்விசிறியை நிறுத்துதல், கைப்பேசிக்கு அழைப்பு வராமல் அடைத்தல், வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் ஒரு சாண் இடைவெளி, தகரக் கூரையில் மழை கொட்டினால் நிற்கும் வரை காத்திருத்தல், வெற்றுச் சுவர்களைவிடத் துணிகள் நிறைந்த படுக்கையறையைத் தேர்தல், துணி எதிரொலியை விழுங்கிவிடும் ஆதலின். பேச்சு முடிந்தபின் அரை நிமிடம் அந்த அறையின் அமைதியையும் பதிவு செய்தல். வெட்டித் தொகுக்கும்போது இடைவெளிகளை நிரப்ப அதுவே உதவும். இவை யாவும் ஓர் அட்டையில் எழுதப்பட்டுப் பையிலேயே இருக்கும். நினைவை நம்புவது வீரம். அட்டையை நம்புவது விவேகம்.

இத்தகைய ஒழுங்கு பேச்சின் உயிரைக் கொன்றுவிடாதா என்று கேட்போர் உண்டு. அதற்குரிய விடை பால்மரத்தில் இருக்கிறது. பால் வெட்டுவோர் பட்டையை மெல்லிய சீவலாகவே சீவுவர். பொதுவாக ஒருநாள் வெட்டினால் மறுநாள் மரத்திற்கு ஓய்வு. மிகுதியாகப் பால் வேண்டும் என்று ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை சீராக வளராது. அளவறிந்து வெட்டப்படும் மரம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால் தரும். ஒரே மாதத்தில் எட்டுப் பதிவு என்பது ஆழமாக வெட்டிய வெட்டு. இரு வாரத்திற்கு ஒன்று என்பது அளவறிந்த சீவல். மேலும், எப்போது, எவ்வளவு, எங்கே வைப்பது என்னும் கவலைகள் முன்பே தீர்ந்துவிடுவதால், பெரியவர் முன் அமரும்போது அவ்வாசிரியரின் மனம் கேட்பதற்கு மட்டுமே உரியதாகிறது. ஒழுங்கு பேச்சைக் கட்டுவதில்லை, கேட்பவரை விடுவிக்கிறது.

எண்ணிக்கை என்னும் மயக்கத்திற்கும் அவர் இடமளிக்கவில்லை. எத்துணைப் பேர் கேட்டனர் என்று மணிக்கொரு முறை பார்த்து மனம் சோர்வதே பல வலையொலிகளின் முடிவுக்குக் காரணமாகிறது. அவர் மாதம் ஒருமுறை மட்டும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார். எண்ணிக்கை சிறியதே. எனினும் வெள்ளிக்கிழமை மாலைகளில், அடுக்குமாடியின் கீழ்த்தளத்துச் சிமிந்தித் திண்ணையில், பேரனின் கைப்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு நான்கைந்து முதியோர் கூடுகின்றனர். "இன்னிக்கு யாரு பேசுறா?" என்பது அவர்களின் முதற்கேள்வி. தங்கள் வாழ்க்கையும் கேட்கத்தக்கதே என்னும் எண்ணம், பல்லாண்டு கழித்து அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

தோட்ட வாழ்வை உடலால் அறிந்த தலைமுறை விரைந்து மறைந்து வருகிறது. அவர்களின் சொல்லும், சொல்லின் இழுப்பும், இடையே வரும் பெருமூச்சும் எந்த ஏட்டிலும் இல்லை. அவற்றைக் காக்க விழைவோர்க்கு விலையுயர்ந்த கருவி முதல் தேவையன்று. ஒரு குறிப்பேடும், ஒரு நாட்காட்டியும், சொன்ன நாளில் சொன்னதைச் செய்யும் மனமும் போதும். 'அடுத்த வாரம்' என்னும் சொல்லுக்கு நாளும் நேரமும் குறித்துவிட்டால் அது வாக்கு. குறிக்காவிட்டால் அது வெறும் ஆறுதல். முதியோரிடம் ஆறுதல் சொல்வதற்கு எத்தனையோ பேர் உள்ளனர். வாக்குக் கொடுத்துக் காப்பவரே இப்போது வேண்டும்.