கடலுக்கு எத்தனை வாட்ஸ் விளக்கு?

பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது எல்லோரும் ரயில் வருகிறதா என்றுதான் எட்டிப் பார்ப்போம். அடுத்த முறை போகும்போது தெற்குப் பக்கத் தண்ணீரையும் கொஞ்சம் பாருங்கள். வடக்கே இருப்பது அலையில்லாத பாக் நீரிணை; ஊர்க்காரர்களுக்கு அது பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை இந்த ஆண் கடலில் வரிசையாகத் தீவுகள். 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இதுவரை 117 வகைப் பவளங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன.

இந்த முறை என்னோடு வந்தவன் அக்கா மகன். சென்னையில் பொறியியல் படிக்கிறான். அவன் அறையில் அறுபது லிட்டர் உப்புத்தண்ணீர் தொட்டியும், கொளத்தூரில் வாங்கிய இரண்டு ‘நெமோ’ மீன்களும் உண்டு. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, தொட்டியில் பவளமும் வளர்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. “எந்த லைட் வாங்குறதுன்னுதான் மாமா குழப்பமா இருக்கு” என்றான். கடையில் கேட்பதற்கு முன் கடலிடமே கேட்டுவிடலாம் என்று கிளம்பினோம்.

பாம்பனை அடுத்த குந்துக்கால், 1897-ல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம். அங்கிருந்து குருசடைத் தீவுப் பக்கம் படகு. “வெயில் ஏறட்டும் தம்பி. காலையில சாய்ஞ்ச வெளிச்சம், தண்ணி மேலயே மின்னும். பார் தெரியாது” என்றார் படகோட்டி. கடலடிப் பாறைத் திட்டுக்கு இந்தக் கரையில் ‘பார்’ என்று பெயர்.

பத்தரை மணிக்கு மேல் உச்சி வெயில் நேராக இறங்கியதும், கண்ணாடிக்குக் கீழே இன்னொரு ஊர் தெரிந்தது. மான்கொம்பு போலக் கிளைத்த பவளம், மேசை போல விரிந்தது, மூளை போல மடிப்பு மடிப்பாக ஒன்று. எல்லாம் இரண்டு, மூன்று ஆள் ஆழத்துக்குள்தான். அதற்குக் காரணம் வெளிச்சம்.

விலங்குக்குள் ஒரு தோட்டம்

பவளம் கல் அல்ல, செடியும் அல்ல. சின்னச் சின்ன உயிர்கள் கூட்டமாக வாழும் விலங்கு. அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கிப் பாசி சமைக்கும் சர்க்கரையில்தான் பவளத்தின் சாப்பாடு பெரும்பகுதி ஓடுகிறது. வெளிச்சம் இல்லையென்றால் அடுப்பு எரியாது.

தண்ணீர் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி உள்ளே விடுவதில்லை. சிவப்பு முதல் சில மீட்டரிலேயே கரைந்துவிடும். நீலம்தான் ஆழம் வரை போகும். பவளத் தொட்டி விளக்குகள் நீலமாக எரிவதன் காரணம் இதுதான். கூடவே, நீல ஒளியில் பல பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாகத் தாமே ஒளிர்வது கண்ணுக்கு விருந்து.

பவளம் வளர்ப்பவர்கள் விளக்கை வாட்ஸ் கணக்கில் பார்ப்பதில்லை. வாட்ஸ் என்பது கரண்ட் செலவு, அவ்வளவுதான். பாசிக்குப் பயன்படும் ஒளி எவ்வளவு விழுகிறது என்பதற்குத் தனி அளவு இருக்கிறது. அதன் பெயரும் ‘பார்’தான்! வெப்பமண்டல உச்சி வெயிலில் கடல் மேற்பரப்பில் அது ஏறத்தாழ 2,000. தொட்டியில் அவ்வளவு தேவையில்லை. மென்பவளங்களுக்கும் சதைப்பற்றான பெரிய பவளங்களுக்கும் 50 முதல் 150 போதும். மான்கொம்பு வகைக்கு 200 முதல் 350 வரை வேண்டும். அதனால் வெளிச்சம் கேட்பவற்றை விளக்குக்கு நேர் கீழே உயரத்திலும், நிழல் விரும்பிகளை அடியிலும் ஓரத்திலும் வைப்பார்கள். கடலிலும் இதே ஏற்பாடுதான்.

சிறிய தொட்டிக்கு இப்போது எல்.இ.டி.தான் வசதி. பழைய மெட்டல் ஹாலைடு விளக்கின் சூட்டில் கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துப் போகும். விளக்கு ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம், விடியலும் அந்தியும் போல மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். புதுப் பவளத்துக்கு முதல் நாளே முழு வெளிச்சம் கூடாது. பாதியில் தொடங்கி, சில வாரங்களில் கூட்ட வேண்டும். வெளிச்சம் குறைந்தால் பவளம் பழுப்பாகும். மிஞ்சினால் பாசியை வெளியே துப்பிவிட்டு வெள்ளையாகும்.

கடல் வெளுத்தபோது

“இங்கயும் வெள்ளையா ஆயிருக்கு தம்பி” என்றார் படகோட்டி. உண்மைதான். கோடையில் தண்ணீர் சூடேறிய 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாப் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன. தண்ணீர் சூடாக இருக்கும்போது, அதுவரை சாப்பாடு போட்ட அதே வெயில் பாசிக்குள் நஞ்சை உண்டாக்குகிறது. பவளம் அதைத் துரத்திவிட்டுப் பட்டினி கிடக்கிறது. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் சாகும். தொட்டியில் விளக்கைக் குறைக்கலாம், விசிறி வைக்கலாம். கடலுக்கு யார் வைப்பது?

மனிதக் கையின் சேதம் இதற்கும் முந்தியது. சுண்ணாம்புக்காக இங்கே பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அரணை இழந்த பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. 21 என்பது ஏட்டுக் கணக்கு.

“உடைஞ்சு கிடக்கிற துண்டு ஒண்ணு எடுத்துட்டுப் போனா என்ன மாமா?” என்று மெல்லக் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் படகோட்டி முந்திக்கொண்டார். “புலிக்குட்டியைத் தூக்கிட்டுப் போற மாதிரி தம்பி, அதே கேஸுதான்.” பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியும் அதே பட்டியலில்தான். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. உயிரோடு இருந்தாலும் செத்த துண்டானாலும் சட்டம் ஒன்றுதான். வீடியோவில் பார்க்கும் பவளத் தொட்டிகள் அதை அனுமதிக்கும் வெளிநாடுகளில் இருப்பவை.

நெமோ மீனுக்குப் பவளமும் வேண்டாம், கடும் வெளிச்சமும் வேண்டாம் என்பதுதான் ஆறுதல். அவற்றைக் கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை, மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. பவளம் வளர்க்கும் ஆசைக்கும் வழி இருக்கிறது. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையத்தினர், 2002 முதல் பவளத் துண்டுகளைச் சிமென்ட் சட்டங்களில் கட்டிக் கடலுக்குள்ளேயே நட்டு வளர்க்கிறார்கள். விளக்குச் செலவு இல்லாத தொட்டி அது!

நீங்கள் போவதானால், பாம்பனிலோ மண்டபத்திலோ வனத்துறையிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். காற்று பலமாக இருந்தால் படகு கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன்பு, கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள் நல்லது. பத்து மணிக்கு மேல் படகேறுங்கள். தொப்பி, தண்ணீர் மறக்க வேண்டாம். சிப்பியோ பவளமோ பையில் திரும்பி வர வேண்டாம். குழந்தைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். இந்தப் பவளத்தை அவர்கள் அதன் நிறத்தோடு பார்த்துவிட வேண்டும்.