சேற்று மீன்

நெகிரி செம்பிலானில் உள்ள செம்பனைத் தோட்டம் ஒன்றில் வாழும் முதியவர் ஒருவர், வீட்டின் பின்புறம் சிமெண்டுத் தொட்டி கட்டித் திலாப்பியா வளர்க்கிறார். இளமையில் பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் குலை வெட்டியவர்.

சிரம்பானில் இருக்கும் மகள் கருவுற்றபோது, மீன் கொடுத்தனுப்ப அவர் ஆசைப்பட்டார். ஆயினும், ஒரு தயக்கம். ‘பிள்ளைத்தாய்ச்சிக்குக் கடல் மீன்தானே நல்லது? இது வெறும் சேற்று மீன்’ என எண்ணினார். படிவம் ஐந்தில் அறிவியல் பயிலும் பேத்தி அவருக்கு விளக்கினாள்.

மீனின் மூளைக்கும் கண்ணுக்கும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. எனும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் தேவை. கடலில் இவற்றை நுண்பாசிகள் உருவாக்குகின்றன. பாசியைச் சிற்றுயிர்களும், சிற்றுயிர்களைச் சிறுமீன்களும், அவற்றைப் பெருமீன்களும் உண்கின்றன. இவ்வாறு ஆயத்தமாகவே கிடைப்பதால், சியாக்காப், கெராப்பு போன்றவற்றுக்கு அவற்றைத் தாமே உருவாக்கும் ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே, பண்ணையில் வளரும்போது அவற்றின் தீவனத்தில் மீன் எண்ணெய் சேர்க்க வேண்டியுள்ளது.

குளத்து உணவில் அக்கொழுப்புகள் குறைவு. எனவே, திலாப்பியா, கெண்டை போன்ற நன்னீர் மீன்கள், தாவரங்களில் உள்ள லினோலெனிக் அமிலத்தை உண்டு, ஈரலில் உள்ள நொதிகளின் துணையால் அதனை மாற்றிக்கொள்கின்றன. 18 கரிம அணுக்கள் கொண்ட சங்கிலி 20 ஆகவும் 22 ஆகவும் நீளுகிறது.

இதற்கு நீரின் உப்பு மட்டும் காரணமன்று. கடலில் வாழ்ந்தாலும், பாசியும் கடற்புல்லும் மேயும் ஓரா மீனுக்கும் இத்திறன் உண்டு. உணவுப் பழக்கமும் ஆற்றலைத் தீர்மானிக்கிறது.

“அப்படியென்றால் என் மீனும் கெம்போங்கும் ஒன்றாம்மா?” என்று கேட்டார் முதியவர்.

“இல்லை, தாத்தா. கெம்போங்கில் அந்தக் கொழுப்பு இதைவிட அதிகம். உங்கள் மீனால் அதைச் செய்துகொள்ள முடியும். ஆனால், மூலப்பொருள் வேண்டுமே! நீங்கள் போடும் செம்பனைப் புண்ணாக்கில் அது மிகக் குறைவு. கீரையும் போடுங்கள்.”

மறுநாள் முதல் வேலியோரத்துக் கங்குங் கீரை தொட்டிக்குச் சென்றது. மாதக் கடைசியில் மகளுக்கு இரண்டு பொட்டலங்கள் போயின. ஒன்றில் கெம்போங், மற்றொன்றில் திலாப்பியா. அதைச் சேற்று மீன் என்று அவர் அதன்பின் சொல்லவே இல்லை.