பெரியத்தாவின் முலினே

வில்லியனூர் சுல்தான்பேட்டையில் எம் பெரியத்தாவின் வீட்டுச் சுவரில், வேட்டைத் துப்பாக்கிபோல் இரண்டு ஆணிகளில் கிடந்தது ஒரு தூண்டிற்கோல். மூங்கிற்கழியில் நரம்பு கட்டித் தக்கை மிதக்கவிட்டுக் கெண்டை பிடித்துத் திரிந்த எமக்கு அது பேரதிசயம். பிரெஞ்சுப் படையில் 'சொல்தா'வாக அல்ஜீரியாவில் பணியாற்றித் திரும்பிய பெரியத்தா, ஓய்வூதியத்தோடு கொணர்ந்த செல்வம் அதுவே. கோலின் அடியிற் பொருந்திய கருநிறச் சுருள்பொறியை அவர் 'முலினே' என்பார். அப்பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறிய ஆலை என்பது பொருள்.

அது மிச்செல் 300. கடிகாரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற க்ளூஸ் நகரில், கார்ப்பனோ-போன்ஸ் நிறுவனத்தார் செய்தது. அதன் பற்சக்கரங்களின் ஓசையிலும் கடிகாரத்தின் அடக்கம் இருந்தது. நரம்பு சுற்றிய உருளை சுழலாது. வளைந்த கம்பியொன்றே அதனைச் சுற்றிவந்து நரம்பை அடுக்கும். கம்பியைத் திறந்து, நரம்பை விரலால் பற்றி, கோலை வீசும் கணத்தில் விரலை விடவேண்டும். பிறகு இடக்கையால் சுற்றவேண்டும். விரலை முந்தி விட்டு, எம் தலைக்கு மேலிருந்த மரக்கிளையைப் பிடித்த நாள்களே மிகுதி!

ஊசுட்டேரியில் ஒரு விடியலில் பெரியத்தாவின் தூண்டிலை விரால் விழுங்கியது. கோல் வில்லாய் வளைந்தது. பொறி கிறீச்சிட்டு நரம்பை விட்டுக்கொடுத்தது. ஆம்பல் இலைகளைக் கிழித்து, இழுக்க வாராமல், கட்டுண்ட காளைபோல் கயத்தைக் கலக்கும் வராலை அகநானூற்றின் 36ஆம் பாடலில் பின்னாளில் வகுப்பறையில் விளக்கும்போதெல்லாம் எம் கண்முன் நிற்பது அந்த விராலே. உரையாசிரியர்கள் எம்மைப் பொறுத்தருள்வார்களாக.

1991ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், எண்ணெய் இடுவதாகச் சொல்லி அப்பொறியைத் திண்ணையில் பிரித்தோம். கம்பியை மூடும் சிறு வில்சுருள் தெறித்து மணலில் மறைந்தது. மாலைவரை சலித்தும் கிட்டவில்லை. பெரியத்தா வந்தார், பார்த்தார், பாகங்களைக் கைக்குட்டையில் முடிந்தார். ஒரு சொல்லும் கடியவில்லை. மறுநாள் எம் மூங்கிற்கழிகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, "வாடா, தம்பி" என்று முன்னே நடந்தார். இறுதிவரை அக்கழியோடுதான் ஏரிக்கரையில் அமர்ந்தார்.

2008இல் ஊசுட்டேரி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். கைக்குட்டை முடிச்சு எம்மிடம் வந்தது. சென்ற ஆண்டு, அந்த வில்சுருளை வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வரவழைத்தோம். விலை ஒருவேளை உணவுக்கும் குறைவு. பொருத்தியதும் கம்பி 'டக்'கென்று மூடிக்கொண்டது. கோலைச் சுவரிலிருந்து இன்னும் இறக்கவில்லை.