அழித்ததும் மறைத்ததும்

என் பாட்டியின் குரல் பதிந்திருந்த ஒரே பிரதியை நான் அழித்துவிட்டேன். அழிந்ததை வீட்டில் சொல்லாமல் மறைத்தது அதைவிடப் பெரிய தவறு. கேட்டவர்களிடம் "போன் பழுதாயிடுச்சு" என்றேன். போனில் எந்தப் பழுதும் இல்லை. இதை நான் பொதுவில் எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம், அந்தப் பதிவில் இருந்தது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதுதான்.

பாட்டி, மலேசியாவில் கெமாஸுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அவர் சிறுமி. அவருடைய அப்பா சயாமுக்குப் போனவர். பர்மாவுக்கும் சயாமுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. கெமாஸிலிருந்து தும்பாட்டுக்குப் பிரியும் கிழக்குக் கரைப் பாதையில் ஒரு பகுதித் தண்டவாளத்தையும் பெயர்த்து அந்த வேலைக்கே கொண்டுபோனார்கள். காஞ்சனாபுரியில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்களின் பெயர்களைக் கல்லில் படிக்கலாம். தோட்டத்திலிருந்து போன நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது.

2021 தீபாவளி நேரத்தில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தடை நீங்கியிருந்தது. எல்லாரும் பாட்டி வீட்டில் கூடினோம். என் கைப்பேசியை மேசையில் வைத்துப் பதிவு செய்யத் தொடங்கினேன். மரவள்ளிக்கிழங்கு தின்று வாழ்ந்தது, ஜப்பானியரின் வாழைமர நோட்டு செல்லாக்காசானது என்று தொடங்கிய பாட்டி, பிறகு லயத்தை வீடு வீடாக நடந்து காட்டுவதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். முதல் வீட்டில் இன்னார், அவர் தம்பி. மூன்றாவது வீட்டில் இன்னார், அவருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. எந்தெந்த வீட்டிலிருந்து யார் யார் போனார்கள், யார் திரும்பினார்கள், எந்தப் பெண் மறுநாளே உளியை எடுத்துக்கொண்டு பால்மரம் வெட்டப் போனாள் என்று பெயர் பெயராகச் சொன்னார். எங்களில் யாரும் அதை எழுதி வைக்கவில்லை. பதிவாகிறதே என்று இருந்துவிட்டோம்.

அந்தக் கைப்பேசி ஒரு பைன்ஃபோன். பைன்64 நிறுவனம் 2020இல் வெளியிட்ட லினக்ஸ் கைப்பேசி அது. உள்ளே இருப்பது ஆல்வின்னர் ஏ64 சில்லு. என்னிடம் இருந்தது 3 ஜிபி நினைவகமும் 32 ஜிபி உள் சேமிப்பகமும் உள்ள வகை. கடையில் வாங்கும் பெரும்பாலான போன்களில் நிறுவனம் போட்டுக்கொடுத்த இயங்குதளத்தை மாற்ற வேண்டுமானால் முதலில் பூட்டை உடைக்க வேண்டும். இதில் பூட்டே இல்லை. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், மோபியன், மாஞ்சாரோ, செயில்ஃபிஷ், உபுண்டு டச் என்று விரும்பியதை ஏற்றிக்கொள்ளலாம். நான் உள் சேமிப்பகத்தில் மோபியனை வைத்திருந்தேன். பாட்டியின் பதிவும் அங்கேதான் இருந்தது.

எனக்கு இருந்த ஆசை, எல்லா இயங்குதளங்களையும் ஒரே போனில் வைத்து, எதில் தமிழ் எழுத்து உடையாமல் தெரிகிறது, எதில் தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய நாடு இது. லினக்ஸ் கைப்பேசியிலும் தமிழ் ஒழுங்காக வரவேண்டும், அதற்கு என் பங்கும் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். நல்ல ஆசைதான். அதற்கு வழியும் இருந்தது.

மெகி என்ற பெயரில் அறியப்படும் ஓன்ட்ரெய் இர்மான் என்ற நிரலாளர் பத்துக்கும் மேற்பட்ட இயங்குதளங்களை ஒரே பிம்பக் கோப்பில் அடக்கி வெளியிட்டிருந்தார். வழக்கமாக ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனிப் பகிர்வும் தனிக் கெர்னலும் வேண்டும். பத்து இயங்குதளம் என்றால் இடம் சிதறிப்போகும். அவர் எல்லாவற்றையும் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையின் ஒரே பகிர்வுக்குள், ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்பிரிவாக வைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே கெர்னல். எஞ்சிய இடத்தை எல்லா இயங்குதளங்களும் பகிர்ந்துகொள்ளும். போனை முடுக்கியதும் அவர் எழுதிய பி-பூட் என்ற மிகச் சிறிய பூட்லோடர், அதாவது இயங்குதளத்தை எழுப்பும் நிரல், ஒரு பட்டியலைக் காட்டும். ஒலியளவுப் பொத்தானால் மேலும் கீழும் போய், பவர் பொத்தானை அழுத்தினால் தேர்ந்தெடுத்தது எழுந்து வரும்.

இந்தப் போன் எதிலிருந்து எழுகிறது என்பதைச் சொன்னால்தான் என் தவறு புரியும். ஏ64 சில்லு, மின்சாரம் வந்ததும் முதலில் மைக்ரோ எஸ்டி கார்டைப் பார்க்கும். கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கேபி தள்ளி பூட்லோடர் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அதை ஓட்டும். இல்லையென்றால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் உள் சேமிப்பகத்துக்குப் போய்விடும். கெமாஸ் ஸ்டேஷனைத் தாண்டியதும் வண்டி கிழக்குக் கரைப் பாதையில் திரும்புகிறதா, தெற்கே நேராகப் போகிறதா என்பது பெட்டிக்குள் தூங்குகிறவருக்குத் தெரியாது. விழித்தபின் ஜன்னல் வழியே பார்த்தால்தான் தெரியும். நான் ஜன்னலைப் பார்க்கவில்லை.

2022 தைப்பூசம் முடிந்த பிறகு ஓர் இரவு வேலையைத் தொடங்கினேன். போனில் ஜம்ப்டிரைவ் எழுதிய பழைய கார்டைச் செருகி மடிக்கணினியுடன் இணைத்தேன். ஜம்ப்டிரைவ், போனின் உள் சேமிப்பகத்தை ஒரு பென்டிரைவ் போலக் கணினிக்குக் காட்டும் சிறிய கருவி. பதிவுகளைப் பிரதி எடுப்பதற்காகத்தான் அப்படி இணைத்தேன். அதே மடிக்கணினியில் யூஎஸ்பி ரீடரில் புதிய 32 ஜிபி கார்டும் இருந்தது. பிரதி எடுக்க நேரமாகும், அதற்கு முன்னால் பிம்பத்தைக் கார்டில் எழுதிவிடுவோம் என்று வரிசையை மாற்றினேன். அவசரம் ஒன்றும் இல்லை. பட்டியல் திரையைப் பார்க்கவேண்டும் என்ற ஆவல்தான்.

டிடி என்ற கட்டளை எழுதச் சொன்ன இடத்தில் எழுதும். சரிதானா என்று திருப்பிக் கேட்காது. கணினி காட்டிய பட்டியலில் உள் சேமிப்பகமும் கார்டும் இரண்டுமே 29 ஜிபி சொச்சம். ஒன்றின் பெயர் எஸ்டிபி, மற்றது எஸ்டிசி. அளவை மட்டும் பார்த்தேன். பக்கத்தில் இருந்த தயாரிப்புப் பெயரைப் பார்த்திருந்தால் போதும், பார்க்கவில்லை. ஓர் எழுத்து மாற்றித் தட்டினேன். பாட்டியின் பதிவு இருந்த இடத்தின் மேல் பத்துக்கும் மேற்பட்ட இயங்குதளங்கள் எழுதப்பட்டன.

அப்போதே கண்டுபிடித்து நிறுத்தியிருந்தால் கொஞ்சமாவது மீட்டிருக்கலாம். பழைய கார்டை எடுத்துவிட்டு, எழுதிவிட்டதாக நான் நம்பிய புதிய கார்டைப் போனில் செருகினேன். அது வெறும் கார்டு. சில்லு அதில் ஒன்றும் இல்லாததைக் கண்டு உள் சேமிப்பகத்துக்குப் போனது. அங்கே பி-பூட் இருந்தது. நான் எதிர்பார்த்த பட்டியல் திரையில் வந்தது. எல்லாம் சரியாக நடந்துவிட்டதாக மகிழ்ந்தேன்.

அடுத்த சில நாட்கள் அந்த மகிழ்ச்சியிலேயே போயின. சேமிப்பக இடம் முழுவதையும் பயன்படுத்தும்படி பகிர்வை விரித்தேன். ஒவ்வொன்றாக முடுக்கி, புதுப்பித்து, தமிழ் எழுத்துருக்களை நிறுவினேன். பைன்ஃபோனில் கார்டுக்கு எண் 0, உள் சேமிப்பகத்துக்கு எண் 2. பகிர்வை விரிக்கும்போது 2 என்ற எண்ணைத் தட்டியது என் விரல்தான். திரை காட்டியதை அப்படியே தட்டினேன். அதன் பொருளை யோசிக்கவில்லை. விஷயம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. தெரியாதவனாக இருந்திருந்தால் ஒவ்வொரு வரியையும் படித்திருப்பேன்.

பிறகு ஒரு நாள் மோபியனுக்குத் திரும்ப வேண்டும் என்று கார்டைக் கழற்றிவிட்டுப் போனை முடுக்கினேன். அதே பட்டியல் வந்தது. கார்டு என் கையில் இருக்கிறது, பட்டியல் திரையில் நிற்கிறது. நடந்தது அந்த நொடியே புரிந்துவிட்டது. மீட்பு நிரலை ஓட்டிப் பார்த்தேன். சில ஒலித் துண்டுகள் கிடைத்தன. எதிலும் குரல் இல்லை.

இதுவரை சொன்னது கவனக்குறைவு. நான் ஒப்புக்கொள்ள வந்த குற்றம் இதற்குப் பிறகு நடந்தது.

அப்போது பாட்டி உயிரோடு இருந்தார். நடமாட்டம் குறைந்திருந்தது, நினைவு தெளிவாகவே இருந்தது. நான் அன்றே போய், "பாட்டி, அழிச்சிட்டேன், மறுபடியும் சொல்லுங்க" என்று உட்கார்ந்திருக்கலாம். போகவில்லை. வீட்டில் கணினி என்றாலே என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் கெட்டுப்போகும் என்று கூசினேன். கூச்சத்துக்குச் சமாதானங்களும் கிடைத்தன: பாட்டிக்கு உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் நிதானமாகக் கேட்கலாம், யார் இப்போது அதைத் தேடப்போகிறார்கள். ஒருமுறை போயிருந்தபோது பாட்டியே கேட்டார்: "அன்னிக்குப் பேசினத வச்சிருக்கியாய்யா?" நான் "இருக்கு பாட்டி" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். தன் பங்கு முடிந்தது, பெயர்கள் பத்திரமாக இருக்கின்றன என்று அவர் நம்பும்படி செய்தது அந்த ஒரு சொல். அதற்குப் பிறகு அவர் அதை யாரிடமும் திரும்பச் சொல்லவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

அந்த ஆண்டு ஆடி மாதம் பாட்டி காலமானார். காரியத்தன்று போட்டுக் கேட்கலாம் என்று அத்தை அந்தப் பதிவைக் கேட்டார். போன் பழுதாகிவிட்டது என்றேன். நண்பர்களிடமும் அதையே சொன்னேன். லினக்ஸ் போனில் முக்கியமானது எதையும் வைக்காதீர்கள் என்று அறிவுரையும் சேர்த்தேன். வாங்க நினைத்திருந்த ஒரு தம்பி என் பேச்சைக் கேட்டு விட்டுவிட்டார். ஊதியம் வாங்காமல் இரவுகளில் உட்கார்ந்து எழுதியவர்களின் உழைப்பின் மேல் என் பழியைப் போட்டேன். சில்லு அதன் வரிசைப்படி தேடியது, பூட்லோடர் தன் வேலையைச் செய்தது, டிடி சொன்ன இடத்தில் எழுதியது. பொய் சொன்னது நான் மட்டும்தான்.

இந்த ஆண்டு பொங்கலுக்கு அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, சேமிப்பகம் என்ற விளக்கத்தையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். எப்போது நடந்தது என்று கேட்டார். மாதத்தைச் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருந்தா அம்மாவ மறுபடியும் உட்கார வச்சுப் பேச வச்சிருக்கலாமேய்யா, அம்மா இருந்தாங்களே" என்றார். திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லக்கூடிய விஷயமும் இல்லை.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் குற்றத்தின் முழு அளவும் எனக்குத் தெரிந்தது. அதுவரை, டிடி கட்டளையைத் தட்டிய அந்த இரவில் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரவில் போனது ஒரு கோப்பு. தை முதல் ஆடி வரை அதைச் சொல்லக்கூடியவர் பக்கத்திலேயே இருந்தார். அந்த மாதங்களைத் தின்றது என் மௌனம். இனி எந்த மீட்பு நிரலும் அவற்றைத் தராது.

இன்றும் அந்தப் போனில் பல இயங்குதளங்களை வைத்திருக்கிறேன். முறையை மட்டும் மாற்றிக்கொண்டேன். எழுதும் வேலை நடக்கும்போது எழுதவேண்டிய கார்டைத் தவிர வேறு எதையும் கணினியில் இணைப்பதில்லை. எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்களை நம்பாமல், தயாரிப்புப் பெயரும் வரிசை எண்ணும் சேர்ந்த நீண்ட பெயரைப் பயன்படுத்துகிறேன். எழுதியபின் கார்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை போனை முடுக்கி, உள்ளே இருந்த பழைய இயங்குதளம் எழுகிறதா என்று பார்க்கிறேன். டோ-பூட் என்ற பூட்லோடரை உள்ளே வைத்தால், கார்டில் தனிப் பூட்லோடர் இல்லாதவரை, ஒலியளவைக் குறைக்கும் பொத்தானைப் பிடித்தபடி முடுக்கும்போது மட்டும் கார்டுக்குப் போகும். எதிலிருந்து எழுகிறது என்ற குழப்பம் குறைகிறது. இதையெல்லாம் நான் பயமுறுத்திய அந்தத் தம்பியிடம், நடந்த உண்மையோடு சேர்த்தே சொல்லிவிட்டேன்.

பாட்டி சொன்ன பெயர்களில் அத்தைக்குச் சில நினைவிருக்கின்றன. எந்த வீடு, யாருக்கு யார் என்பது இல்லை. எனக்கு, அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்த அந்த ஆள் நினைவிருக்கிறார். அவர் பெயர் இல்லை. கிடைத்ததைத் தாளில் எழுதி வைத்திருக்கிறோம்.

கெமாஸிலும் பத்து அன்னத்திலும் கெமெஞ்சேயிலும் தம்பினிலும் சயாமுக்குப் போனவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். எந்தப் போனிலாவது பதிவு செய்யுங்கள். பதிவாகும்போதே பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றிரவே இன்னும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். அப்படியும் அழிந்துபோனால், வெட்கத்தைப் பார்க்காமல் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். பேசியவர் இருக்கிறார் என்றால் இன்னொரு முறை சொல்வார்.