கரைந்தும் மறையாதது

சில ஆண்டுகளுக்கு முன் என் உம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்றினால் கடுங்காய்ச்சல் கண்டது. மருத்துவர் ஏழு நாள்களுக்குச் சிப்ரோபிளாக்சசின் மாத்திரை எழுதித் தந்தார். மூன்றாம் நாளே காய்ச்சல் தணிந்தது. “உடம்பு தேறிவிட்டது, இனி எதற்கு வாப்பா மருந்து?” என்றார்கள் உம்மா. மறுத்துரைக்க மனம் வரவில்லை. எஞ்சிய மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன்.

ஓராண்டு கழித்து அந்நோய் மீண்டது. இம்முறை அம்மாத்திரை பயன்படவில்லை; கிருமிகள் அதற்கு அடங்கா என்றது சோதனைச்சாலை அறிக்கை. பத்து நாள்கள் மருத்துவமனையில் ஊசிமருந்து ஏற்றிய பின்னரே உம்மா வீடு திரும்பினார்கள். என் பிழையே காரணம் என்று மருத்துவர் அறுதியிட்டுக் கூறவில்லை. என் நெஞ்சு கூறியது.

வேதியியல் துறை நண்பரிடம் இதனைச் சொல்லி வருந்தினேன். “நீங்கள் கொட்டியது கைப்பிடியளவு. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் ஏறத்தாழ 90 மருந்தாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளிவிட்ட நீரிலேயே, லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை அதே மருந்து இருந்ததை 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டிற்று. மருந்துண்டவர் குருதியில் காணும் அளவைவிட அது மிகுதி” என்றார் அவர்.

சுத்திகரித்த பின்னுமா என்று திகைத்தேன். கழிவை உண்டு நீரைத் தூய்மை செய்வன நுண்ணுயிர்களே. அவற்றைக் கொல்லவே பிறந்த மருந்தை அவை எங்ஙனம் உண்ணும்?

இதற்குக் கதிர்வீச்சு ஒரு வழி காட்டுகிறது. கோபால்ட் 60 உமிழும் காமாக் கதிரோ, விரைந்து பாயும் எலக்ட்ரான் கற்றையோ நீரில் புகுந்ததும், நீர் மூலக்கூறுகள் உடைந்து ஹைட்ராக்சில் முதலிய வேகமிக்க துணுக்குகள் பிறக்கின்றன. அவை மருந்து மூலக்கூறின் வளையங்களைத் தாக்கிச் சிதைக்கின்றன. நீரின் மாசை நீரே அறுக்கிறது!

“அந்நீரில் கதிரியக்கம் தங்காதா?” என்றேன். “விளக்கை அணைத்தபின் சுவர் ஒளிர்வதுண்டா?” என்று நகைத்தார். ஆயினும் கதிரின் அளவு குறைந்தால் அரைகுறையாய்ச் சிதைந்த கூறுகள் எஞ்சும் என்றும் எச்சரித்தார். சீனத்தின் குவாங்டாங் மாநிலத்தில் 2020ஆம் ஆண்டு தொடங்கிய நிலையம் ஒன்று நாளொன்றுக்கு 3 கோடி லிட்டர் சாயக்கழிவுநீரை எலக்ட்ரான் கற்றையால் தூய்மை செய்யுமாறு அமைக்கப்பட்டது. மருந்துக் கழிவுக்கும் அம்முறை பரவலாகும் நாள் வருக.

அதுவரை? மருத்துவர் குறித்த நாள்வரை மாத்திரையை எண்ணி உண்பதே எங்கள் வீட்டு வழக்கம். எண்ணுபவர்கள் உம்மா, எடுத்துக் கொடுப்பவன் நான்.