மச்சில் பதிக்கும் விளக்கு – ஒரு எஸ்டிமேட்

இப்போது கட்டுகிற வீடுகளில் ஸ்பாட்லைட் இல்லாமல் பால் காய்ச்சுவதில்லை. எங்கள் காலத்தில் ஸ்பாட்லைட் என்றால் கோயில் திருவிழா நாடகத்தில் ராஜபார்ட் நுழையும்போது கலர் தாள் ஒட்டி அடிப்பார்களே, அது. இன்று அது மச்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, சோறு சாப்பிடுகிறவன் தலையில் அடிக்கிறது. வேண்டாம் என்று சொல்லவரவில்லை. வேண்டும், ஆனால் எங்கே, எத்தனை, என்ன விலைக்கு என்று எழுதிப் பார்த்துவிட்டு வைக்கவேண்டும். அதுவும் கான்கிரீட் போடுவதற்கு முன்னால்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலைக்கு அப்பால், போன தலைமுறையில் நஞ்சையாக இருந்து இப்போது நகர் நகராகப் பெயர் சூட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில் நாங்கள் ஒரு சின்ன வீடு கட்டுகிறோம். சிங்கப்பூரிலிருந்து மகன் ஒரு வரைபடம் அனுப்பினான். மச்சு வரைபடத்தில் சின்னச் சின்ன வட்டங்கள். எண்ணிப் பார்த்தேன், 64. கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல் அழகாகத்தான் இருந்தது. என் மனைவி அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உச்சியில இருக்கு. எனக்கு வெளிச்சம் கையில விழணுமே" என்றாள். அவளுக்கு இடது கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோய்விட்டது. வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறது. நேராகப் பார்க்கும் இடம் மங்கல், ஓரம் தெளிவு. வெளிச்சம் அதிகம் வேண்டும், ஆனால் கண்ணில் கூசக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் எஸ்டிமேட் முழுதும் ஓடியது.

இது அவளுக்கு மட்டும் உள்ள விஷயமில்லை. 20 வயதில் விழித்திரையைப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் சேருகிறது என்று கண் நூல்கள் சொல்கின்றன. கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. மகன் வீட்டில் போதுமான வெளிச்சம் நமக்குப் போதாமல் போவது இதனால்தான். "அப்பா, இங்க எல்லார் வீட்லயும் இதுதான்" என்று அவன் சொன்னால் அவன் வயதுக்கு அது சரி.

முதலில் கணக்கு. விளக்கை வாட்டில் வாங்கிய காலம் போய்விட்டது. பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமென் தரும். இன்றைய 8 வாட் எல்.இ.டி. ஸ்பாட்டும் அதே அளவு தருகிறது. டப்பாவின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் லூமென் போட்டிருப்பார்கள்; போடாவிட்டால் அந்த டப்பாவைக் கீழே வைத்துவிடலாம். எங்கள் ஹால் 14க்கு 18 அடி, அதாவது சுமார் 23 சதுர மீட்டர். உட்கார்ந்து பேச, டி.வி. பார்க்க ஒரு சதுர மீட்டருக்கு 150 லூமென் போதும். சுவரும் தூசியும் தின்பதையும் சேர்த்தால் 5000 லூமென், அதாவது ஏழு ஸ்பாட். ஒன்று கூட்டி எட்டு வைத்துக்கொள்ளலாம். வரைபடத்தில் ஹாலுக்கு மட்டும் 18 இருந்தது.

64 விளக்கும் 8 வாட் வீதம் 512 வாட். தினம் ஐந்து மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்துக்கு 153 யூனிட்டுக்கு மேல். நாங்கள் எஸ்டிமேட் போட்டபோது நமக்கு அரசு இலவசமாகத் தந்தது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். விளக்கே அதைத் தின்றுவிட்டு மேலும் கேட்கும். மோட்டாரும் ஃப்ரிட்ஜும் பாக்கி. எல்லாவற்றையும் ஒன்றாகப் போடமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒரே சுவிட்சில் ஆறு விளக்கைக் கோத்துவிட்டால் ஒன்று வேண்டுமென்றாலும் ஆறும் எரியும். சுவிட்சை எப்படிப் பிரிப்பது என்பதை விளக்கு வாங்குவதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டும்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பாதி மறந்துபோனாலும் ஒரு பாடம் மறக்கவில்லை. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று எங்கள் வாத்தியார் ஒரு மெழுகுவர்த்தியையும் அட்டையையும் வைத்துக் காட்டினார். பௌர்ணமி நிலவை மெழுகுவர்த்தியோடு ஒப்பிட்டு அளந்த பியேர் பூகேர் என்கிற பிரெஞ்சுக்காரர் 1729இல் வெளிச்சத்தை அளப்பது பற்றி நூலே எழுதியிருக்கிறார். அந்தப் பாடம் அறுபது வருஷம் கழித்துச் சமையலறை மேடைக்கு உதவியது. மேடை தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி. மச்சில் 9 அடி உயரத்தில் விளக்கு இருந்தால் மேடைக்கு ஆறேகால் அடி தூரம். அதே விளக்கைச் சுவர் அலமாரியின் அடியில், மேடைக்கு இரண்டடி மேலே வைத்தால் மேடையில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு. இன்னொன்றும் உண்டு. மேடை முன் நிற்கிறவளுக்கு மச்சு விளக்கு முதுகுப் பக்கம் இருக்கும். அவள் நிழல் அவள் நறுக்குகிற வெண்டைக்காய் மேலேயே விழும். ஆகவே சமையலறையில் மச்சு ஸ்பாட் இரண்டு போதும்; அலமாரி அடியில் எல்.இ.டி. பட்டை. கையில் வெளிச்சம் விழவேண்டும் என்று அவள் கேட்டதற்கு பூகேர் வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தேன்.

அடுத்தது மின்விசிறி. இதை எந்த வரைபடக்காரரும் யோசிப்பதில்லை, அவர்கள் படமெல்லாம் ஏ.சி. தேசத்துப் படம். 48 அங்குல விசிறியின் இறக்கை நான்கடி வட்டம் சுற்றுகிறது. அதற்கு மேலே மச்சில் ஸ்பாட் இருந்தால் இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி, அறை முழுதும் படபடவென்று துடிக்கும். நல்ல கண்ணுக்கே தலை சுற்றும். விசிறியின் மையத்திலிருந்து நான்கடியாவது தள்ளித்தான் ஸ்பாட். ஹாலில் விளக்கெல்லாம் ஓரத்துக்குப் போனது இதனால்.

ஒளி எவ்வளவு விரியும் என்பதற்கு டிகிரி போட்டிருப்பார்கள். 9 அடி மச்சிலிருந்து சாப்பாட்டு மேஜையில் 24 டிகிரி விளக்கு இரண்டே முக்கால் அடி வட்டம் போடும். 36 டிகிரி நாலேகால் அடி. 60 டிகிரி ஏழரை அடி. பொது வெளிச்சத்துக்கு அறுபது, மேஜைக்கு முப்பத்தாறு. 24 டிகிரி படங்களுக்கு. என் மாமியார் கொடுத்த தஞ்சாவூர் ஓவியம் ஒன்று இருக்கிறது, ஆலிலைக் கிருஷ்ணன். தங்க ரேக்கும் மேலே கண்ணாடியும் இருப்பதால் நேரே அடித்தால் கண்ணாடி பளிச்சிட்டுக் கிருஷ்ணன் மறைந்துவிடுவார். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் வெளிச்சம் விழுவது காட்சிசாலை வழக்கம். படத்தின் நடு ஐந்தடி, மச்சு ஒன்பதடி என்றால் விளக்கு சுவரிலிருந்து சுமார் இரண்டடி நாலு அங்குலத்தில் வரவேண்டும். திருப்பக்கூடிய ரகம் வாங்கவேண்டும்.

படுக்கையறையில் ஸ்பாட் கூடாது. நின்றுகொண்டு வீடு கட்டுகிறவர்கள் படுத்துப் பார்ப்பதில்லை. மல்லாந்தால் அந்தப் பொட்டு நேரே கண்ணில் குத்தும். அங்கே சுவரில் பேட்டன் டியூப்லைட் ஒன்று. கட்டிலிலிருந்து கழிவறை வரை கணுக்கால் உயரத்தில் ஒரு வாட் விளக்கு மூன்று, ஆள் நடந்தால் தானே எரிகிற ரகம். வெளிச்சம் தரையில் மட்டும் விழும், கண்ணுக்கு வராது. நம் வயதில் இரவு இரண்டு மணிக்கு அந்தப் பன்னிரண்டு அடிதான் வீட்டிலேயே நீளமான தூரம். மற்ற இடங்களிலும் சில்லு ஓர் அங்குலம் உள்ளே தள்ளி இருக்கும் கூச்சம் தராத ரகமாகவே கேட்டேன். விலை நூறு ரூபாய் கூடுதல்.

நிறம் பற்றி. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி. மேல் மஞ்சள் பூச்சு. அந்த நீலத்தைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. பூச்சு மட்டமாக இருந்தால் சிவப்பு செத்துப்போகும். குங்குமம் செங்கல் பொடி மாதிரித் தெரியும். டப்பாவில் நிறம் காட்டும் எண் 90க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, 80க்குக் கீழே வேண்டாம். பட்டுப்புடவைக் கடையில் புடவையைத் தெருவுக்கு எடுத்துவந்து பார்ப்போமே, அதே புத்திதான். என் மனைவி அவளுடைய அரக்குப் புடவையை ஒரு பையில் போட்டு எடுத்துவந்து, மூன்று கடைகளிலும் விளக்கடியில் விரித்தாள். மூன்றாவது கடைக்காரர், "அம்மா, விளக்கு வாங்க வந்தீங்களா, புடவை விக்க வந்தீங்களா?" என்றார். அவரிடம்தான் வாங்கினோம். ஹாலுக்கு 3000 கெல்வின், சமையலறைக்கு 4000. நீலம் பாய்ந்த 6500 வேண்டாம்.

வேண்டாததற்கு இன்னொரு காரணம் நம் ஊர்க் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் சம்பாப் பயிர் நிற்கும்போது பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைத் தேடி வரும். அது விளக்குக்கு வரும் என்பதால்தானே வயலில் விளக்குப்பொறி வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் மனைக்கு இரண்டு பக்கம் இன்னும் வயல். நீல வெளிச்சத்துக்கு அதிகம் வரும், மஞ்சளுக்குக் குறைவு. மச்சில் பதித்த விளக்கில் சந்து இருந்தால் உள்ளே விழுந்து செத்து, தை மாதம் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு மிளகு தூவியதுபோல் இருக்கும். முகப்பு மூடிய ரகம்தான் இங்கே சரிப்படும்.

இப்போது விலை. 2014இல் அரசு மொத்தமாக வாங்கிய எல்.இ.டி. பல்பு ஒன்று 310 ரூபாய். அடுத்த வருஷம் உஜாலா திட்டம் (சொட்டு நீலம் அல்ல) வந்து கோடிக்கணக்கில் வாங்க ஆரம்பித்தார்கள். 2016இல் அதுவே 38 ரூபாய்க்கு இறங்கியது. ஆகையால் விளக்கு விலை பெரிய விஷயமே இல்லை. நல்ல 8 வாட் ஸ்பாட் 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட 450 ரூபாய்க்குக் கிடைத்தது. 120 ரூபாய்க்கும் இருந்தது. அதில் விளக்கு போகாது, உள்ளே இருக்கும் டிரைவர் போகும். சித்திரை வெயிலில் தளம் காய்ந்து, மச்சுக்கு மேலே காற்றோட்டமில்லாத சந்தில் டிரைவர் வேகிறது. இடி மின்னலில் மின் அழுத்தம் ஏறி இறங்கும்போதும் முதலில் சாவது அதுதான். டிரைவர் தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்கிறதா என்று கேளுங்கள். அதே பெட்டியிலிருந்து மூன்று கூடுதலாக வாங்கி வைப்பதும் நல்லது. அடுத்த வருஷம் வாங்கினால் வெள்ளை வேறு வெள்ளையாக இருக்கும்.

பணத்தைத் தின்பது விளக்கைப் பதிக்கிற ஜிப்சம் மச்சு. ஃபால்ஸ் சீலிங். பிரெஞ்சிலும் 'ஃபோ ப்ளாஃபோன்', பொய் மச்சு என்றுதான் பெயர். யாரும் உண்மையை மறைக்கவில்லை. மகனின் வரைபடப்படி 1100 சதுர அடி, எனக்குச் சொன்ன விலை அடிக்கு 90 ரூபாய், ஆக 99,000. பட்டி பார்த்து வண்ணம் அடிக்க அடிக்கு 25, அது 27,500. விளக்கு 64க்கு 28,800. விளக்குக்கு 150 வீதம் இணைப்புக் கூலி 9,600. மொத்தம் 1,64,900. இதில் வெளிச்சம் தருவது 28,800 மட்டுமே. அந்தப் பொய் மச்சுக்குள் அறுவடை முடிந்து வயலிலிருந்து வரும் எலிக்கு இலவசக் குடித்தனம் வேறு. ஐப்பசி மழையில் தளம் கசிந்தால் ஜிப்சம் முதலில் காட்டிக்கொடுக்கும், கசிவு எங்கே என்று மட்டும் காட்டாது.

எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பிதான் வழி சொன்னான். தளத்துக்குக் கம்பி கட்டும்போதே பேன் பாக்ஸ் வைக்கிற மாதிரி வட்டப் பெட்டிகளை சென்ட்ரிங் பலகையில் ஆணி அடித்து வைத்துவிட்டால், கான்கிரீட்டிலேயே பள்ளம் கிடைத்துவிடும். பொய் மச்சு வேண்டாம். "ஆனா ஐயா, ஒருக்கா கான்கிரீட் போட்டுட்டா நகத்த முடியாது" என்றான். அஞ்சு அங்குலத் தளத்தில் பெட்டி கம்பிக்கு நடுவில் உட்காரவேண்டும், பெட்டிக்காகக் கம்பியை வெட்டக்கூடாது. பொறியாளரிடம் கேட்டுத்தான் இடம் குறித்தோம். ஆழம் குறைந்த விளக்குதான் அதற்குள் போகும் என்பதால் விளக்கை முதலில் வாங்கிப் பெட்டியைப் பிறகு வாங்கினேன்.

ஹாலில் விசிறியை விட்டு ஓரம் இரண்டடி அகலத்துக்கும், சாப்பாட்டு அறைக்கும் மட்டும் ஜிப்சம், 232 சதுர அடி. அதில் பன்னிரண்டு விளக்கு. மற்ற இடங்களில் தளப் பெட்டியில் பதினாலு. ஜிப்சம் 20,880, வண்ணம் 5,800, விளக்கு 26க்கு 11,700, கூலி 3,900, பெட்டி ஒன்று 60 வீதம் 840, பேட்டன் ஆறு 1,500, அலமாரி அடிப் பட்டை 3,000. மொத்தம் 47,620. நடைவழிக் குட்டி விளக்கு மூன்றும் மகன் அனுப்புகிறான். பூஜை அறையில் ஒன்றும் வைக்கவில்லை. அங்கே நாச்சியார்கோயில் குத்துவிளக்கு இருக்கிறது, அது போதும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

மகனுக்குத் தாளை அனுப்பினேன். ஒரு நாள் பதில் இல்லை. மறுநாள் அவன் அம்மாவிடம் பேசினான், என்னிடம் இல்லை. "உனக்கு எழுத்து எவ்வளவு தூரத்துல தெரியுது?" என்று கேட்டானாம். அவள் சொன்னாளாம். அதன்பின் வரைபடத்தைத் திருத்தி அனுப்பினான், 26 வட்டம்.

தளம் போடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் கம்பி மேல் பலகை போட்டு நடந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணி டிக் அடித்தேன். கீழே நின்றுகொண்டு அவள் கேட்டாள், "அரிசி வைக்கிற உள்ளுக்கு ஒண்ணு உண்டா? கல்லு பாக்கணும்ல."

இல்லை. தம்பியிடம் பையில் ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. விளக்கு 450, பெட்டி 60, கூலி 150. இருபத்தேழு விளக்கு, 48,280 ரூபாய்.